கெர்ரியின் பதக்கங்களும் 1971 சாட்சியமும்

2004 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிடுகிறார்கள்: "ஜான் கெர்ரியின் வியட்நாம் பதக்கங்கள் சர்ச்சைக்குரியவை." அந்தத் தேர்தலில் அன்றைய அதிபர், குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரி; வியட்நாம் போரில் கடற்படையின் ஸ்விஃப்ட் படகுகளுக்குத் தலைமை தாங்கியவர். அவர் அந்தப் பதக்கங்களுக்குத் தகுதியானவர் அல்ல என்று பழைய ஸ்விஃப்ட் படகு வீரர்களின் குழு ஒன்று அந்த ஆண்டு விளம்பரம் செய்தது. பலர் அந்த வரியைக் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. ஒரு தரப்பு ஒன்று சொன்னது, மறுதரப்பு இன்னொன்று சொன்னது, நமக்கு எதற்கு வம்பு என்று நடுவில் நின்றுகொள்கிறார்கள். இந்த விஷயத்தில் அப்படி நிற்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அன்று நடந்தது இரண்டு தனித்தனிச் சண்டைகள். ஒன்று, கெர்ரி போரில் என்ன செய்தார் என்பது. இன்னொன்று, திரும்பி வந்து போரைப் பற்றி என்ன பேசினார் என்பது. முதலாவதை ஆவணங்களைக் கொண்டு சோதிக்கலாம், சோதித்தும் ஆயிற்று. இரண்டாவதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். இரண்டாவதின் மேல் இருந்த கோபத்தை எடுத்து முதலாவதின் மேல் கொட்டியதுதான் அந்த ஆண்டு நடந்த அநியாயம்.

முதலில் படகு. ஸ்விஃப்ட் படகு 50 அடி நீளம், அலுமினிய உடல். ஓர் அதிகாரி, ஐந்து மாலுமிகள். ஓட்டும் அறைக்கு மேலே இரட்டை .50 காலிபர் இயந்திரத் துப்பாக்கி, பின்தளத்தில் இன்னொரு .50 காலிபரும் அதோடு பிணைத்த 81 மி.மீ. மோர்ட்டாரும். கரையோரக் கடலில் ஆயுதம் கடத்தும் தோணிகளை மறிப்பதற்காக வந்த படகு இது. கெர்ரி இந்தப் பணிக்கு விண்ணப்பித்தபோது அது அவ்வளவு ஆபத்தான வேலையும் அல்ல. 1968 அக்டோபரில் அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் 'சீலார்ட்ஸ்' நடவடிக்கையைத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழானது. அதே படகுகள் மீகாங் கழிமுகத்திலும் கா மௌ தீபகற்பத்திலும் உள்ள குறுகலான ஆறுகளுக்குள் அனுப்பப்பட்டன. இரு கரையிலும் சதுப்புநிலக் காடு. இரட்டை டீசல் இன்ஜின் சத்தம் வெகுதூரம் கேட்கும். அலுமினியத் தகடு துப்பாக்கிக் குண்டைத் தாங்காது. கரையில் ஒளிந்திருப்பவன் வேண்டிய நேரத்தில் சுடலாம், படகில் இருப்பவருக்கு அவன் கண்ணிலேயே பட மாட்டான். கெர்ரி நவம்பர் 1968-ல் போய்ச் சேர்ந்தது இந்த நிலைமைக்குத்தான். முதலில் பிசிஎஃப்-44, பிறகு பிசிஎஃப்-94 என்று இரண்டு படகுகளுக்குத் தலைமை ஏற்றார். சுமார் நான்கு மாதத்தில் போர்க் காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் மூன்று, வீரச் செயலுக்கான சில்வர் ஸ்டார் ஒன்று, பிரான்ஸ் ஸ்டார் ஒன்று பெற்றார்.

"நான்கு மாதத்தில் ஓடி வந்துவிட்டார்" என்று இன்றும் எழுதுகிறார்கள். மூன்று முறை காயம்பட்டவர், காயம் எப்படிப்பட்டதாக இருந்தாலும், வியட்நாமை விட்டு மாற்றலாகிப் போகலாம் என்று அன்றைய கடற்படை விதி சொன்னது. அவர் அந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டார். விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. அதை விமர்சிக்கலாம். விதியை ஏமாற்றினார் என்று மட்டும் சொல்ல முடியாது. "சின்னக் கீறலுக்கெல்லாம் பதக்கமா?" என்ற கேள்விக்கும் இதுதான் பதில். எதிரியின் செயலால் காயம், மருத்துவ அதிகாரியின் சிகிச்சை, இந்த இரண்டும் இருந்தால் பர்ப்பிள் ஹார்ட் உண்டு. காயத்தின் ஆழத்தை அளப்பதில்லை. 2004 ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் சில பிரதிநிதிகள் ஊதா நிற இதயம் வரைந்த பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கெர்ரியைச் சீண்டுவதாக நினைத்து, அந்தப் பதக்கம் பெற்ற எல்லாரையும் அவமதித்தார்கள்.

இப்போது 1969 மார்ச் 13. எல்லாரும் சண்டை போட்டது பெரும்பாலும் இந்த ஒரு நாளைப் பற்றித்தான். பாய் ஹாப் ஆற்றில் ஐந்து ஸ்விஃப்ட் படகுகள் வந்துகொண்டிருந்தன. பிசிஎஃப்-3-க்கு அடியில் கண்ணிவெடி வெடித்தது. அந்தக் களேபரத்தில் ஜிம் ராஸ்மன் என்ற ராணுவச் சிறப்புப் படை அதிகாரி கெர்ரியின் படகிலிருந்து ஆற்றில் விழுந்தார். கெர்ரி படகைத் திருப்பிக்கொண்டு வந்து, காயம்பட்ட கையோடு, முன்தளத்திலிருந்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். இதற்குத்தான் பிரான்ஸ் ஸ்டார். கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ராஸ்மன் சொன்னார். அவர் அதுவரை குடியரசுக் கட்சி வாக்காளர். இன்னொரு படகின் அதிகாரியான லாரி தர்லோ, கண்ணிவெடிக்குப் பிறகு எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்றார்.

யாரை நம்புவது? எதிரித் துப்பாக்கிச் சூடு இருந்ததாகத்தான் தர்லோவுக்கே அதே நாளுக்காகக் கிடைத்த பிரான்ஸ் ஸ்டார் சான்றில் எழுதியிருக்கிறது. வாஷிங்டன் போஸ்ட் அதை 2004 ஆகஸ்டில் வெளியிட்டது. கெர்ரி எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்து அந்தச் சான்றைத் தயாரித்திருப்பார்கள் என்று தர்லோ பதில் சொன்னார். ஆனால் தர்லோவின் படகிலேயே இருந்த ஒரு மாலுமிக்குக் கிடைத்த பதக்கச் சான்றும் அதையேதான் சொல்கிறது. அந்த மாலுமியும் சூடு நடந்தது என்றே நினைவுகூர்ந்தார். தர்லோ மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணிவெடி வெடித்தவுடன் ஐந்து படகுகளும் இரு கரைகளையும் நோக்கிச் சுடத் தொடங்கும். அந்த இரைச்சலில் நம்முடைய .50 காலிபர் சத்தம் எது, கரையிலிருந்து வருவது எது என்று பிரிப்பது கஷ்டம். மூழ்கப்போகும் படகைக் காப்பாற்றிக்கொண்டிருந்த தர்லோவுக்கும், ஆற்றில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நீந்திய ராஸ்மனுக்கும் அந்த நிமிடங்கள் ஒன்றுபோல் பதிவாகியிருக்காது. அதற்கு மேல் 35 ஆண்டு ஓடிவிட்டது. அதனால்தான் அன்றே எழுதிய காகிதத்துக்குப் பிற்காலத்து நினைவைவிட எடை அதிகம். 2004 செப்டம்பரில் கடற்படையின் தலைமை ஆய்வாளரும் கோப்புகளைப் பார்த்துவிட்டு, பதக்கங்களுக்கு ஒப்புதல் தந்த நடைமுறை முறைப்படியே நடந்தது என்று முடித்துவிட்டார்.

சில்வர் ஸ்டார் விவகாரம் இதைவிட எளிது. 1969 பிப்ரவரி 28-ல் மூன்று படகுகள் போயின. பதுங்கித் தாக்கினால் விலகி ஓடாமல் நேராகக் கரையை நோக்கித் திருப்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அப்படியே செய்தார்கள். கெர்ரி கரையில் குதித்து, ராக்கெட் லாஞ்சரோடு ஓடிய ஒருவனைத் துரத்திச் சுட்டார். அன்று இன்னொரு படகுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ரூட் பின்னாளில் சிகாகோ டிரிப்யூனில் ஆசிரியரானவர். 35 ஆண்டு இதைப் பற்றி எழுதாமல் இருந்தவர், 2004 ஆகஸ்டில் வாயைத் திறந்து கெர்ரி தரப்பு சொல்வது சரி என்று எழுதினார்.

ஸ்விஃப்ட் படகு வீரர்கள் குழுவின் முதல் விளம்பரம் 2004 ஆகஸ்ட் 5-ல் வந்தது. "நான் கெர்ரியுடன் பணியாற்றினேன்" என்று அதில் ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள். அவர்களில் யாரும் அவர் படகில் இருந்தவர்கள் இல்லை. பெரும்பாலும் அதே பிரிவில், வேறு படகுகளிலோ மேலதிகாரிகளாகவோ இருந்தவர்கள். கெர்ரியின் கட்டளையில் அவர் படகிலேயே இருந்த மாலுமிகளில் ஒரே ஒருவர்தான் அந்தக் குழுவில் சேர்ந்தார். பேச முன்வந்த மற்றவர்கள் கெர்ரி பக்கம் நின்றார்கள். அந்த விளம்பரத்தில் பேசிய ஜார்ஜ் எலியட் கெர்ரியின் மேலதிகாரி, சில்வர் ஸ்டாருக்குப் பரிந்துரைத்தவரே அவர்தான். 1996-ல் கெர்ரியின் செனட் தேர்தலின்போது இதே பதக்கத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தது. அன்று பாஸ்டனுக்கு வந்து கெர்ரிக்காகப் பேசியவர்களில் எலியட்டும் ஒருவர், ஜும்வால்ட்டும் வந்திருந்தார். எட்டு ஆண்டில் அந்தப் போர் மாறவில்லை. கெர்ரி அதிபர் வேட்பாளர் ஆகியிருந்தார், அவ்வளவுதான்.

கோபத்தின் வேர் 1971-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை டெட்ராய்ட்டில், வியட்நாமில் போரிட்டுத் திரும்பி, போரை எதிர்த்த அமெரிக்க வீரர்கள் கூடி, தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். மார்ச் இறுதியில் வியட்நாம் கிராம மக்களை அமெரிக்க வீரர்கள் கொன்ற மை லாய் படுகொலைக்காக லெப்டினன்ட் கேலிக்குத் தண்டனை வந்தது. ஏப்ரல் 22-ல் 27 வயது கெர்ரி, ஃபுல்பிரைட் தலைமையிலான செனட் வெளியுறவுக் குழு முன் உட்கார்ந்து பேசினார். "ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள்?" என்ற கேள்வி அங்கே எழுந்ததுதான். மறுநாள் கேப்பிடல் கட்டடத்தின் முன் வீரர்கள் தங்கள் பதக்கங்களை வேலிக்கு அப்பால் வீசினார்கள்.

அந்தப் பேச்சில், டெட்ராய்ட்டில் கூடிய வீரர்கள் தாங்களே செய்ததாகச் சொன்னவை இவை என்று தொடங்கித்தான் காது அறுத்தது, தலை வெட்டியது, கிராமங்களை எரித்தது என்று கெர்ரி வரிசையாகச் சொல்கிறார். 2004-ல் ஸ்விஃப்ட் படகு வீரர்கள் குழுவின் இரண்டாவது விளம்பரம் அந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டு, கொடுமைகளின் பட்டியலை மட்டும் அவர் குரலிலேயே ஒலிக்கவிட்டது. கேட்பவருக்கு, ஓர் இளைஞன் தானாகவே ஒட்டுமொத்த வீரர்களையும் குற்றம்சாட்டுவது போலத் தோன்றும். இடையிடையே பழைய போர்க் கைதிகள் வந்து, இந்தப் பேச்சு தங்களை எப்படிக் காயப்படுத்தியது என்று சொல்கிறார்கள். அவர்கள் வலி உண்மையானது. சிறையில் அடைபட்டுக் கிடந்தவனுக்கு வெளியே தன் நாட்டுக்காரன் இப்படிப் பேசுகிறான் என்றால் எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட, வெட்டிய ஒலித்துண்டு எதற்கு? முழுப் பேச்சையும் போட்டே அதை எதிர்த்திருக்கலாமே.

இந்த மோதல் 2004-ல் முளைத்ததும் அல்ல. ஸ்விஃப்ட் படகு வீரர்கள் குழுவின் முகமாக இருந்த ஜான் ஓ'நீல், கெர்ரி போன பிறகு அதே பிசிஎஃப்-94-க்குத் தலைமை ஏற்றவர். கெர்ரி இருந்த காலத்தில் அந்தப் படகில் இருந்தவர் இல்லை. 1971 ஜூனில் அன்றைய அதிபர் நிக்சனின் உதவியாளர் சார்ல்ஸ் கோல்சன் தரப்பு கெர்ரிக்கு எதிராக அவரை ஊக்குவித்தது. நிக்சனே அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஜூன் 30-ல் தொலைக்காட்சியில் டிக் கேவட் நிகழ்ச்சியில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 33 ஆண்டு கழித்து அதே இருவர்.

கெர்ரி பக்கம் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். 1968 கிறிஸ்துமஸுக்குக் கம்போடியாவுக்குள் இருந்ததாக 1986-ல் செனட்டிலேயே பேசினார். 2004-ல் அவர் பிரசாரக் குழுவே அதிலிருந்து பின்வாங்க வேண்டியிருந்தது. 1971 ஏப்ரல் 23-ல் கேப்பிடல் முன் அவர் வீசியது தன் பதக்கங்களின் ரிப்பன்களையும், நேரில் வர முடியாத வேறு இரண்டு வீரர்களின் பதக்கங்களையும். அதே 1971-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தன் பதக்கங்களையே வீசியதுபோல் பேசியிருந்தார். அந்தப் பழைய ஒளிப்பதிவை 2004 ஏப்ரலில் வெளியே எடுத்தபோது, ரிப்பனும் பதக்கமும் ஒன்றுதான் என்று வாதாடினார். அது எடுபடவில்லை. இவையெல்லாம் நியாயமான விமர்சனங்கள். அதே சமயம் போலிகளும் உலவின. வெவ்வேறு இடத்தில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டி, கெர்ரியும் போரை எதிர்த்த நடிகை ஜேன் ஃபோண்டாவும் ஒரே மேடையில் நிற்பதுபோல் ஒரு படம் 2004 பிப்ரவரியில் சுற்றியது.

ஆனால் கெர்ரியின் மிகப் பெரிய தவறு 2004 ஜூலை 29-ல், ஜனநாயகக் கட்சியின் பாஸ்டன் மாநாட்டு மேடையில் நடந்தது என்பேன். சல்யூட் அடித்து "பணிக்கு ஆஜராகிறேன்" என்றார். படகுத் தோழர்களை மேடையேற்றினார். போரில் இருந்த நான்கு மாதம் முழுதாக விரிந்தது. போரை எதிர்த்த காலம் ஏறக்குறைய காணாமலே போனது. வாக்காளரிடம் பாதிக் கதையைச் சொன்னால் மீதிப் பாதியை எதிரி தன் இஷ்டத்துக்குச் சொல்வான். "போருக்குப் போனேன், சுட்டேன், சுடப்பட்டேன், திரும்பி வந்து அது தவறு என்று சொன்னேன், அதையும் நாட்டுக்காகத்தான் சொன்னேன்" என்று அவரே முதலில் சொல்லியிருந்தால், இரண்டாவது விளம்பரத்துக்கு வேலையே இருந்திருக்காது. ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்தக் குரல் யாருக்கு வேண்டாததாக இருந்திருக்கும்?

முதல் விளம்பரத்துக்குப் பதிலடி கொடுக்கக் கெர்ரிக்கு ஏன் இரண்டு வாரம் ஆனது? காரணம் பணமும் காலண்டரும். அந்தத் தேர்தலில் அரசு நிதியை ஏற்ற வேட்பாளருக்குக் கட்சி மாநாடு முடிந்ததும் சுமார் 7.5 கோடி டாலர் கிடைத்தது. அதன்பின் அதை மட்டும்தான் செலவழிக்க முடிந்தது. ஜனநாயகக் கட்சி மாநாடு ஜூலை 29-ல் முடிந்தது, குடியரசுக் கட்சி மாநாடு செப்டம்பர் 2-ல். ஒரே தொகையைக் கெர்ரி ஐந்து வாரம் கூடுதலாக நீட்டிக்க வேண்டியிருந்தது. அதனால் ஆகஸ்டில் விளம்பரத்தைச் சுருக்கினார்கள். முதல் விளம்பரத்துக்குச் செலவானது சுமார் 5 லட்சம் டாலர், ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா, விஸ்கான்சின் என்று மூன்றே மாநிலங்கள். ஆனால் கேபிள் செய்திச் சேனல்கள் விவாதம் என்ற பெயரில் நாடு முழுக்க அதைக் காசில்லாமல் ஒளிபரப்பின. கெர்ரி நேரடியாகப் பதில் சொன்னது ஆகஸ்ட் 19-ல்தான். அதற்குள் அந்தச் சந்தேகம் ஊரெல்லாம் பரவிவிட்டது. வியட்நாமில் போர்க் கைதியாக இருந்த ஜான் மெக்கெய்ன், குடியரசுக் கட்சிக்காரர், முதல் நாளே அந்த விளம்பரத்தை நேர்மையற்றது என்று கண்டித்திருந்தார். புஷ் அந்த விளம்பரத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்க மறுத்தார். வெளிக்குழுக்களின் விளம்பரங்கள் எல்லாமே நிற்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

புஷ் வியட்நாமுக்குப் போகவில்லை. டெக்சஸ் விமான தேசியக் காவல் படையில் எஃப்-102 போர் விமானம் ஓட்டினார். மருத்துவப் பரிசோதனைக்குப் போகாததால் 1972-ல் பறக்கும் தகுதி நிறுத்தப்பட்டது. அதைப் பற்றிய கேள்விகள் நியாயமானவை. 2004 செப்டம்பர் 8-ல் சிபிஎஸ் தொலைக்காட்சி நம்பகத்தன்மையை உறுதி செய்யாத காகிதங்களைக் காட்டி அந்தக் கேள்விகளையும் கெடுத்தது. பன்னிரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டது. அதன்பின் உண்மையான ஆவணங்களைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

நவம்பர் 2-ல், முடிவைத் தீர்மானித்த ஒஹையோவைச் சுமார் 1,18,000 வாக்குகளில் இழந்து கெர்ரி தோற்றார். இந்த விளம்பரங்கள்தான் தோற்கடித்தன என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது; வேறு காரணங்களும் இருந்தன. ஸ்விஃப்ட் படகு வீரர்கள் குழுவுக்கு மத்தியத் தேர்தல் ஆணையம் 2006 டிசம்பரில் 2,99,500 டாலர் அபராதம் போட்டது. குழு திரட்டியது 2 கோடி டாலருக்கு மேல். அந்த அபராதமும் விளம்பரத்தில் சொன்னது உண்மையா பொய்யா என்பதற்காக அல்ல, அரசியல் குழுவாகப் பதிவு செய்யாமல் தேர்தல் வேலை செய்ததற்காக. விளம்பரத்தில் சொன்னது மெய்யா என்று பார்க்கும் அதிகாரம் ஆணையத்துக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.