பாதியில் விட்ட ஆட்டத்தை அழிக்காதீர்கள்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு கடினமான ஒரு வீடியோ சண்டை விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என்னோடு விளையாடும் நண்பர்கள் இதைச் சொல்கிறார்கள். என் அக்காள் மகனும் சொல்கிறான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நாம் சேமித்து வைத்த ஆட்டம் நம் உழைப்பு. அதை அழிப்பதற்கு முன் நம்மிடமிருந்து உண்மையில் எது போயிற்று, எது போகவில்லை என்று பார்க்க வேண்டும்.

நான் பேசுவது எல்டன் ரிங் பற்றி. 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஹிடேடாகா மியாசாகி இயக்கியது. வெளியான நாள் முதல் இரவு இரவாக விளையாடினேன். ஆட்டத்தில் வரும் லெய்ண்டெல் தலைநகரின் மதிலுக்கு வெளியே வந்து நின்ற சமயத்தில் ஏப்ரல் வெள்ளம் வந்தது. டர்பனில் இருந்த யாருக்கும் அந்த வாரத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாகாணமான குவாசூலு நாட்டாலில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோய், மாதக்கணக்கில் மக்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். என் அக்காள் வீடு அங்கேதான். வேலை முடிந்ததும் கேன்களை நிரப்பிக் காரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் எங்கள் மாலைப் பொழுதாக இருந்தது. அப்போது கன்ட்ரோலரைப் பற்றி யார் நினைப்பார்கள்? அதன் பிறகு மின்வெட்டு. நாட்டிலேயே மிக மோசமான மின்வெட்டு ஆண்டு 2023. பெரிய எதிரி ஒருவனோடு மோதிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போகும் வீட்டில், பொறுமையைக் கேட்கும் விளையாட்டுக்கு இடம் கிடையாது. 2024 மார்ச் 26 முதல் மின்வெட்டு நின்று, மாதக்கணக்கில் விளக்கு அணையாமல் எரிந்தது. அந்த ஜூன் 21 அன்று எல்டன் ரிங்கில் புதிய பகுதிகளைச் சேர்க்கும் விரிவாக்கமும் வெளியானது. என்னைப் போலவே நம் ஊரில் பலர் பழைய ஆட்டத்தைத் திறந்தார்கள்.

திறந்ததும் என்ன நடக்கிறது? திரையில் நிற்கிற வீரன் வலிமையானவன். அவனை இயக்கும் கைகள் யாரோ ஒரு அந்நியருடையவை போலத் தோன்றும். எந்தப் பட்டன் எதற்கு என்பதே தடுமாறும். விரிவாக்கத்துக்குள் நுழைய ராடான், மோக் என்ற பெரிய எதிரிகள் இருவரையும் வென்றிருக்க வேண்டும். அதனால் பலருடைய பழைய ஆட்டம் மோக்கின் அரண்மனையில், இரத்த ஏரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆட்டத்தின் மிகக் கொடிய பகுதிகளில் ஒன்று அது. அங்கே கண் விழிக்கிறவர் இரண்டு முறை செத்ததும் எனக்கு இனி இது வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். மூன்றாவது முறை ஆட்டத்தையே அழிக்கிறார்.

இந்த முடிவுதான் தவறு என்கிறேன். காரணம் இருக்கிறது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து பார்த்து 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றுவதைக்கூட இரண்டாம் முறை கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்று கண்டார். மறதி எல்லாவற்றையும் துடைத்தெடுப்பதில்லை. கை வேலையில் இது இன்னும் தெளிவு. 1953இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்கவே முடியாமல்போன ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரை பிரெண்டா மில்னர் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரண்டு வரம்புகளுக்கு நடுவே கோடு வரையச் சொன்னார். மொலேசனின் கை நாளுக்கு நாள் தேறியது. முந்தைய நாள் அதைச் செய்தோம் என்பதே அவர் நினைவில் இல்லை. தலை மறந்ததைக் கை மறக்காமல் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. தைப்பூசம் நெருங்கும்போது, ஆண்டு முழுவதும் தொடாத உறுமியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் பெரியவர்களை நம் கோவில்களில் பார்த்திருப்பீர்கள். தாளத்தைச் சொல்லிக் காட்டு என்றால் தயங்குவார்கள். குச்சி தோலில் பட்டதும் தாளம் தானாக வருகிறது.

ஆனால் எல்லாமே கையில் மிச்சமிருக்கும் என்று சொல்லவில்லை. ஓடுவது, உருண்டு விலகுவது, கேமராவைத் திருப்புவது ஆகியவை விரைவில் திரும்பிவிடும். ஒவ்வோர் எதிரியின் நேரக்கணக்கு போய்விடும். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன்னால் நிற்கும் மார்கிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தடியை உயர்த்துவான், அடிக்காமல் அப்படியே நிற்பான். நாம் பயந்து உருண்டு முடித்த பிறகுதான் இறக்குவான். புதிதாக வருகிறவரின் அவசரத்தைத் தண்டிக்கவே அமைத்த எதிரி அவன். இடைவெளிக்குப் பின் திரும்புகிறவருக்கும் அதே அவசரம் வந்து சேர்கிறது.

இந்த அவசரத்தை ஆட்டத்தின் பொறிமுறையே பெரிதாக்குகிறது. எல்டன் ரிங்கில் உருளுவதற்கும் ஓடுவதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம், அழுத்தி விட்டால் உருளல். ஆகவே விரலை எடுக்கும் கணத்தில்தான் வீரன் உருள்கிறான். பதற்றத்தில் கூடுதலாக ஒருமுறை அழுத்தினால், நடந்துகொண்டிருக்கும் அசைவு முடிந்ததும் ஆட்டம் அந்த அழுத்தத்தையும் நிறைவேற்றிவிடும். நாம் நிற்க நினைக்கும்போது வீரன் இன்னொரு முறை உருண்டு, நேராகத் தடிக்குக் கீழே போய் நிற்கிறான். கை போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான சிக்கல் இந்தக் கூடுதல் அழுத்தம்தான் என்பது என் உறுதியான கருத்து. அவர்களுடன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பட்டனை ஒரே ஒரு முறை அழுத்து, காத்திரு என்று சொன்னால் அரை மணி நேரத்தில் ஆட்டம் மாறிவிடுகிறது.

இன்னொன்று எடை. சுமக்கும் எடை எல்லையில் எழுபது விழுக்காட்டைத் தாண்டினால் வீரன் தொப்பென்று விழுந்து உருள்வான். முப்பதுக்குக் கீழே இருந்தால் மிக லேசாக உருள்வான். பழைய ஆட்டத்தில் என்ன கவசத்தை, எதற்காக அணிந்து நின்றோம் என்பது நினைவில் இருக்காது. ஒரு குறிப்பிட்ட சண்டைக்காகப் பாரமான கவசத்தை மாட்டியிருக்கலாம். திரும்பியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, அழிக்காமல் என்ன செய்வது? கீழே இறங்குங்கள். பழைய வீரனோடேயே முதல் நிலப்பகுதியான லிம்கிரேவுக்குப் போங்கள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் பெரிய வாளைக் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. உயர்ந்த நிலையில் உள்ள வீரன் மேம்படுத்திய வாளோடு லிம்கிரேவில் நின்றால் எல்லா எதிரிகளும் ஒரே அடியில் விழுந்துவிடுவார்கள், கை எதையும் கற்காது. ஒருமுறைகூட மேம்படுத்தாத சின்ன ஆயுதம் ஒன்றை எடுங்கள். முதலில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒரு சிப்பாயின் எல்லா வீச்சுகளையும் உருண்டு தவிர்ப்பது மட்டுமே வேலை. பிறகு ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குள் போய், அங்கே காவல் நிற்கும் நாடுகடத்தப்பட்ட மாவீரர்களிடம் அதையே செய்யுங்கள். வீரன் இளைப்பாறும் இடமான அருள் தலத்தில் ஓய்வெடுத்தால் அவர்கள் மறுபடி எழுந்து வருவார்கள் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம். வேகம், தாமதம், தொடர் வீச்சு என்று கடினமான எதிரிகளின் எல்லாக் குணங்களும் அவர்களிடம் உண்டு. உயிரளவு நிறைய இருப்பதால் தவறு செய்தாலும் சாக மாட்டீர்கள். புதிய ஆட்டம் தராத வசதி இது. புதிய வீரனுக்கு ஒவ்வொரு தவறும் மரணம், மரணத்துக்குப் பின் நீண்ட நடை.

புதிதாகத் தொடங்குவதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. மருந்துக் குடுவைகளுக்கான விதைகள், வரைபடத் துண்டுகள், மேம்பாட்டுக் கற்கள் எல்லாவற்றையும் மறுபடி பொறுக்க வேண்டும். சண்டையைக் கற்க வேண்டிய மாலைகள் பொறுக்குவதில் கழியும். விட்ட இடத்துக்குச் சென்று சேர்வதற்குள் மறுபடி ஏதாவது குறுக்கே வரும். நம் ஊரில் குறுக்கே வருவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. டெவில் மே கிரை 5 போல அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்த, சில மாலைகளில் முடிகிற ஆட்டம் என்றால் முதலிலிருந்து தொடங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வகை ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதற்கென்றே செய்கிறார்கள். பரந்த நிலத்தில் நூறு மணி நேரம் அலைய வைக்கும் ஆட்டத்துக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

உருவாக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்டன் ரிங்கைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2019இல் வெளியான செகிரோ என்ற ஆட்டத்தில், பாழடைந்த கோவிலுக்கு வெளியே ஹான்பே என்ற சாகா வீரன் ஒருவன் இருக்கிறான். எப்போது போனாலும் தடுக்கும் வித்தை, குத்தை மிதித்து அடக்கும் வித்தை என்று எதைக் கேட்டாலும் நம்மோடு மோதிப் பழக்கிவிடுவான். திரும்பி வருகிறவருக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. மூன்று ஆண்டுக்குப் பின் வந்த எல்டன் ரிங்கில் அப்படி ஒருவன் இல்லை. தொடக்கத்தில் வரும் பயிற்சிக் குகையும், பையில் சேரும் சிறு விளக்கக் குறிப்புகளும் இருக்கின்றன, போதவில்லை. எந்த வேலையை ஏற்றுக்கொண்டோம் என்பதற்கு ஆட்டத்தில் பதிவேடும் கிடையாது. தி விட்சர் 3 ஆட்டத்தில் சேமித்த இடத்தைத் திறக்கும்போதே இதுவரை நடந்த கதையை ஒரு குரல் சுருக்கிச் சொல்கிறது. அது வெளியானது 2015இல். அந்த எளிய மரியாதையை ஏன் மற்றவர்கள் தரக் கூடாது?

இருந்தாலும் எல்டன் ரிங்கிடம் எனக்குப் பெரிய நன்றி உண்டு. அது காத்திருக்கிறது. பருவத்துக்குப் பருவம் பரிசுகளை வைத்து, வராத வாரத்துக்குத் தண்டிக்கும் இணைய விளையாட்டுகள் இப்போது பெருகிவிட்டன. வெள்ளம் வந்த ஊரிலும், மின்சாரம் வராத தெருவிலும், இரவு வேலைக்குப் போகும் வீட்டிலும் இருக்கிறவர்களை அவை கணக்கிலேயே எடுப்பதில்லை. இடைவிடாமல் விளையாட முடிகிறவர்களுக்காக மட்டும் உலகை அமைப்பது அநியாயம். லெய்ண்டெல் மதிலுக்கு வெளியே நான் விட்டுப்போன இடத்தில், என் ஆயுதங்களோடும் சேர்த்த பொருள்களோடும் என் வீரன் அப்படியே இருந்தான். யாரும் எதையும் பறித்துக்கொள்ளவில்லை.

இனி விடுகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. கன்ட்ரோலரை வைக்கும் முன் கைப்பேசியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எங்கே நிற்கிறேன், அடுத்து யாரைத் தேடுகிறேன், எந்த ஆயுதத்தோடு எதற்காக. தமிழிலேயே எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அந்த மாலையின் எண்ணம் முழுதாகத் திரும்பும்.

பலர் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. திரும்பியதும் வீரனின் திறன் புள்ளிகளை மாற்றி அமைக்கலாமா, வாளை விட்டு மந்திரத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். ஆட்டத்தில் வரும் மந்திர அகாடமியில் ரென்னாலா என்ற பெரிய எதிரியை வென்றவர்களுக்கு அந்த வசதி உண்டு, ஒவ்வொரு முறையும் ஓர் அரிய பொருளைச் செலவிட வேண்டும். முதல் வாரத்தில் அதைச் செய்யாதீர்கள். உங்கள் கை நினைவில் வைத்திருப்பது அந்தப் பழைய வாளின் எடையையும் நீளத்தையும்தான். அதை மாற்றிவிட்டால் கை தேடுகிற பொருளே இல்லாமல் போய்விடும். ஸ்டார்ம்வெயில் மாவீரன் ஒருவனைக் காயமில்லாமல் வீழ்த்திய பிறகு மந்திரம் வேண்டுமா என்று யோசியுங்கள்.