பளபளப்பு விலை சொல்லாது
கைப்பிடிக்குள் மடங்கும் பழைய சவரக்கத்தியின் மதிப்பைப் பளபளப்பே காட்டிக்கொடுக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி ஒன்றை அப்படித்தான் வாங்கி ஏமாந்தேன். பாலிஷ் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் செய்தவர் பெயர் முத்திரையில் பாதி எழுத்து மழுங்கியிருந்தது. கத்தியின் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். தீட்டும்போது முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பு) சேர்ந்தே கல்லில் படும். முதுகில் அகலமாகப் பட்டை விழுந்திருந்தால் கத்தி நிறையத் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தியில் 'ஜெர்மனி' என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது, செய்த நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்ன அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தின் புண்ணியம். தந்தம் என்று சொல்லி விற்கும் கைப்பிடிகள் பல செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்தான். அது மக்கும்போது வரும் ஆவியே கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். எங்கள் ஊர் ஐப்பசி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் தடவி, மடக்காமல் வைத்திருக்கிறேன்.