பெரிய மரத்துக்குப் பல் குறைந்த செயின்தான் சரி

பெரிய அடிமரம் அறுக்க, மரம் அறுக்கும் மெஷினுக்கு (செயின்சா) செயின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பல் நெருக்கமா இருக்குதா?" என்றுதான். கைரம்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நியாயமாகப் படும். பல் கூடினால் வேகமும் கூடும் என்று கணக்கு. பத்து அங்குலக் கட்டைக்கு அந்தக் கணக்கு பொய்க்காது. முப்பது அங்குல மரத்துக்குள் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) முழுக்கப் புதையும்போது அதே கணக்கு தலைகீழாகிவிடும். மெஷின் திணறும், செயின் சூடேறும், பாரின் ஓரம் கறுக்கும். பழி மட்டும் எஞ்சின் மேல் விழும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 28 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பாருக்கு ஃபுல் ஸ்கிப் செயின், அதாவது பற்களுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட்ட செயின் போடுங்கள். மரம் வைரம் பாய்ந்ததாகவோ மண் படிந்ததாகவோ இருந்தால், அதிலும் செமி சிசல் பல்லாக (மூலை வளைந்த பல்) எடுங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

செயினில் ஒரே ஒரு பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே ஒரு தகடு, பக்கத்தில் ஒரு தகடு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மூலை. அதற்கு முன்னால் சின்ன மேடு, அதுதான் டெப்த் கேஜ். மேட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு பள்ளம். மூலையும் பக்கத்தகடும் மரத்தின் நாரை அறுத்து விடுகின்றன. மேல்தகடு உளி மாதிரி அடியில் புகுந்து அறுபட்ட நாரைச் சீவி எடுக்கிறது. எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முன்னால் இருக்கும் மேடு தீர்மானிக்கிறது. 3/8 அங்குலப் பிட்ச் செயினில் (பிட்ச் கணக்கு கீழே வருகிறது) அந்த மேடு பல்லின் உச்சியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். 1946-ல் ஜோசப் பியூஃபோர்டு காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரம் குடையும் வண்டுப் புழுவின் தாடை இடமும் வலமுமாக அறுத்துப் போவதைக் கவனித்துத்தான் இந்த வடிவத்துக்கு வந்தார். இன்று ஓடுகிற எல்லாச் செயினும் அதன் வழி வந்ததுதான்.

இதில் யாரும் கண்டுகொள்ளாதது அந்தப் பள்ளம். பல் சீவி எடுத்த மரம் உடனே வெளியே போய்விடுவதில்லை. அந்தப் பள்ளத்தில் ஏறிக்கொண்டு, மரத்தின் மறுபக்கம் வரும்வரை கூடவே பயணம் செய்கிறது. சீவிய மரம் உதிரியாகக் கிடப்பதால், அறுபடும் முன் பிடித்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும். பத்து அங்குலக் கட்டையில் பயணம் பத்து அங்குலம்தான், பள்ளம் நிரம்பும் முன் வெளியே கொட்டிவிடும். முப்பது அங்குல மரத்தில் பாதி வழியிலேயே பள்ளம் நிரம்பிவிட்டால், மீதி வழி முழுக்கப் பல் கடிக்க முடியாமல் சீவலை மரத்தோடு வைத்துத் தேய்த்துக்கொண்டு போகும். சூடு அங்கேதான் பிறக்கிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி. 3/8 பிட்ச் செயினில் ஒரு டிரைவ் லிங்கிலிருந்து (பாரின் காடிக்குள் ஓடும் கண்ணி) அடுத்ததற்கு முக்கால் அங்குலம். முழுப்பல் செயினில் இரண்டு டிரைவ் லிங்குக்கு ஒரு பல், அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. ஃபுல் ஸ்கிப்பில் மூன்று டிரைவ் லிங்குக்கு ஒரு பல், இரண்டேகால் அங்குலத்துக்கு ஒன்று. 28 அங்குல மரத்துக்குள் ஒரே நேரத்தில் முழுப்பல் செயினில் 18, 19 பல் இருக்கும். ஸ்கிப்பில் 12 பல்தான். எஞ்சினின் பலத்தை 19 பேருக்குப் பங்கு போடுவதா, 12 பேருக்குப் போடுவதா என்பதுதான் கேள்வி. 12-க்குப் போட்டால் ஒவ்வொரு பல்லும் ஒழுங்காகக் கடிக்கும், எஞ்சின் சுற்று குறையாது. பற்களுக்கு நடுவே இடம் கூடுதலாக இருப்பதால் சீவலும் அடைக்காது.

சுற்று குறையாமல் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? 7 பல் ஸ்பிராக்கெட்டில் (எஞ்சின் பக்கம் செயினை ஓட்டும் பல்சக்கரம்) 3/8 செயின் ஒரு சுற்றுக்கு ஐந்தேகால் அங்குலம் நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அது விநாடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகம். எஞ்சின் திணறி 7,000-க்கு இறங்கினால் சுமார் பதினைந்தரை மீட்டர்தான். அப்போது அழுத்திப் பிடிக்கத் தோன்றும். அழுத்தினால் இன்னும் இறங்கும். கிளட்ச் நழுவிச் சூடாவது இப்படித்தான்.

எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 90 சிசி மெஷினில் 24 அங்குல பார் போட்டு, மென்மையான மரத்தை அறுக்கிறவருக்கு முழுப்பல் செயினே நல்லது. பலம் மிச்சம் இருக்கிறது, வெட்டு வழவழப்பாக வரும், அதிர்வும் குறைவு. ஸ்கிப் செயினால் கிளை கழிக்கப் போனால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியில் கிளை சிக்கி வெடுக்கென்று இழுக்கும். கிளைக்குச் சின்ன பார், முழுப்பல் செயின் என்று தனியாக வைத்துக்கொள்வதே முறை. நடுவில் செமி ஸ்கிப் என்று ஒன்று இருக்கிறது, ஒரு இடைவெளி சின்னதும் அடுத்தது பெரியதுமாக மாறி மாறி வரும். 24-லிருந்து 28 வரைக்கும் அது ஒரு சமாதானம், அவ்வளவுதான். பொதுவாக 28 அங்குலம் புதைய 70 சிசியும், 36 அங்குலம் புதைய 90 சிசியும் வேண்டும். அதற்குக் குறைவான மெஷினில் எந்தச் செயின் போட்டாலும் மாயம் நடக்காது.

அடுத்தது பல்லின் மூலை. ஃபுல் சிசல் பல்லில் மூலை கூராக, சதுரமாக இருக்கும். செமி சிசலில் மூலை மழுக்கப்பட்டு வளைந்திருக்கும். சுத்தமான பச்சை மரத்தில், புதிதாகக் கூர் பிடித்த நிலையில், ஃபுல் சிசல் முந்தும். அதை மறுக்கவே முடியாது. ஆனால் வேலை செய்வது அந்த ஒரு முனை. மண் படிந்த பட்டையை ஒரு தடவை தொட்டால் முனை போய்விடும், முனை போன ஃபுல் சிசல் அறுப்பதே இல்லை. செமி சிசலில் வேலை வளைவு முழுக்கப் பரவியிருப்பதால் கொஞ்சம் தேய்ந்தாலும் அறுத்துக்கொண்டே இருக்கும். முதல் வெட்டின் வேகத்தை வைத்துச் செயினை மதிப்பிடுவது தவறு. காலையிலிருந்து மாலைவரை எத்தனை தடவை உட்கார்ந்து அரம் போட்டோம் என்பதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். காய்ந்த மரம், வைரம் பாய்ந்த மரம், தரையில் இழுத்து வந்த மரம், சிலிக்கா உள்ள தேக்கு, இவற்றுக்கெல்லாம் என் ஓட்டு செமி சிசலுக்கே.

கார்பைடு பல் வைத்த செயின் மண்ணிலும் அழுக்கிலும் பல மடங்கு நாள் கூர் நிற்கும். ஆனால் சாதாரண அரம் அதன்மேல் ஏறாது, வைரச் சாணை வேண்டும். மரத்துக்குள் ஆணி இருந்தால் கார்பைடு உடைந்து தெறிக்கும். அன்றாட வேலைக்கு அது தேவையில்லை.

பிட்ச் விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். .404 பெரிது, உறுதியானது. ஆனால் எடை கூடும், வெட்டுத் தடமும் அகலமாகும், அதற்குப் பலம் வேண்டும். கையில் பிடித்து அறுக்கும் மெஷினில் 36 அங்குலம்வரை 3/8 போதும். 3/8 லோ புரொஃபைல் என்பது பெயரில் மட்டும் ஒன்று, செயின் வேறு. அது சின்ன மெஷினுக்கானது, மாற்றிப் போடக்கூடாது. கேஜ் என்பது டிரைவ் லிங்கின் தடிமன்: .050, .058, .063. தடித்த கேஜ் போட்டால் வெட்டு அகலமாகும் என்று சொல்வது தவறு, வெட்டின் அகலம் பல்லைப் பொறுத்தது. பாரில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதுவேதான் செயினிலும் இருக்க வேண்டும். .063 பாரில் .050 செயின் போட்டால் காடிக்குள் சாய்ந்து ஓடும், வெட்டு கோணிப் போகும். கடையில் கேட்கும்போது "20 இஞ்ச் செயின்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய செயினின் டிரைவ் லிங்குகளை விரல் வைத்து எண்ணிச் சொல்லுங்கள்.

பலகை போடுவது தனிக் கதை. குறுக்கே அறுக்கும் செயினில் மேல்தகடு 30 டிகிரி கோணத்தில் இருக்கும். மரத்தை நெடுக்கே அறுத்துப் பலகை எடுக்க 10 டிகிரி வேண்டும். 30 டிகிரியிலும் அறுபடும், ஆனால் பலகையின் முகத்தில் வரிவரியாகக் கீறல் விழும். ஏற்கெனவே இருக்கும் செயினை மாற்ற நினைத்தால் ஒரே மூச்சில் 10-க்குக் கொண்டுபோகாதீர்கள், பல்லில் பாதி அரத்துக்கே போய்விடும். கூர் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் சில டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள்.

எந்தச் செயினாக இருந்தாலும் கூர் இல்லையென்றால் இந்த ஒப்பீடு எல்லாம் வீண். பல்லின் விளிம்பை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கியதில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அந்தக் கோடு மறையும்வரைதான் அரம் போட வேண்டும், அதற்கு மேல் போடுவது பல்லைத் தின்பது. 3/8 செயினுக்குப் பெரும்பாலும் 5.5 மி.மீ. உருட்டு அரம், சில கம்பெனிகள் 5.2 சொல்கின்றன. .325-க்கு 4.8. அரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ள மட்டும் வேண்டும், பின்னால் இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். இருக்கிற பல்லிலேயே குட்டையானதைக் கண்டுபிடித்து மற்றதை அதன் அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பக்கப் பல் நீளமாக இருந்தால் வெட்டு பிறை மாதிரி வளையும். 28 அங்குல வெட்டில் அந்த வளைவு பாரையே கவ்விக்கொள்ளும். 36 அங்குல பாரில் 114 டிரைவ் லிங்க் என்றால் முழுப்பல் செயினில் 57 பல், ஸ்கிப்பில் 38. வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்து அரம் போடுகிறவருக்கு அந்த 19 பல்லின் அருமை தெரியும்.

மூன்று நான்கு தடவை கூர் பிடித்த பிறகு டெப்த் கேஜைப் பாருங்கள். பல் தேயத் தேய அதன் உச்சி தாழும், மேடு அப்படியே நிற்கும். பல் கூராக இருந்தும் மாவு மாதிரித் தூள் மட்டும் வந்தால் மேடு உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். கேஜ் தகடு வைத்துத் தட்டை அரத்தால் இறக்கி, மேட்டின் முன்விளிம்பை மறுபடி உருட்டிவிடுங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் பல் அளவுக்கு மீறிக் கடித்து எஞ்சின் நிற்கும், பார் நுனி தொட்டால் மெஷின் முகத்துக்கே எகிறும். ஸ்கிப் செயினில் இந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது, ஒவ்வொரு பல்லின் மேலும் சுமை அதிகம். பல்லின் நீளம் 4 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் செயினைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று செயினுக்கு ஒரு தடவை ஸ்பிராக்கெட்டையும் மாற்றுங்கள், தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினின் டிரைவ் லிங்கை ஒரே வாரத்தில் கெடுத்துவிடும்.

நீள பாரில் முதலில் கெடுவது நுனி, காரணம் எண்ணெய் அதுவரை போய்ச் சேராதது. மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு நுனியை ஒரு வெளிறிய கட்டைக்கு நேரே சில விநாடி காட்டுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் எண்ணெய்த் துளையையும் பாரின் காடியையும் சுத்தம் செய்து, பம்பைக் கூட்டி வையுங்கள். புதுச் செயினை எண்ணெயில் ஊறப்போட்டு, மரத்தில் வைக்கும் முன் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஆறிய பிறகு மறுபடி இழுத்துக் கட்டுங்கள். செயின் பாரின் அடியில் ஒட்டி நிற்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். சூடாக இருக்கும்போது தொங்குகிறதே என்று இறுக்கினீர்களானால் வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்துங்கள். ஆறும்போது செயின் சுருங்கும், ராத்திரி முழுக்க அந்த இழுவையை எஞ்சினின் கிராங்கும் பாரின் நுனியும்தான் தாங்கிக்கொண்டிருக்கும்.