மைதானம் முடிவு செய்யும், ஆனால் யாரை உள்ளே விடுவது?
2014 சீசனில் பிளேஆஃப் (முன்னணி அணிகள் மட்டும் மோதும் நாக்-அவுட் சுற்று) வந்ததிலிருந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) சாம்பியனை மைதானமே முடிவு செய்கிறது, ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த காலம் மலையேறிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். மைதானத்துக்குள் யாரை விடுவது என்பதை இன்னமும் 13 பேர் குழு அறைக்குள் உட்கார்ந்துதான் தீர்மானிக்கிறது. 2017-இல் சென்ட்ரல் புளோரிடா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. தரவரிசையில் குழு கொடுத்த இடம் 12; அப்போது பிளேஆஃபுக்குள் போனது முதல் நான்கு அணிகள்தான். பீச் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஆபர்னை 34-27 என்று வென்றார்கள். அந்த ஆபர்ன்தான் அதே சீசனில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தோற்கடித்த அணி (ஜார்ஜியா பிறகு பழிதீர்த்துக்கொண்டது வேறு கதை). இறுதிப் போட்டியில் மோதியதோ அந்த இரண்டும்! கோலி மேட்ரிக்ஸ் கணினித் தரவரிசை சென்ட்ரல் புளோரிடாவுக்கே முதலிடம் தந்தது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "சின்ன கான்ஃபரன்ஸ் (லீக் போன்ற அணிகளின் கூட்டமைப்பு) அணிதானே, யாரை ஜெயித்தார்கள்?" என்கிறார். சரி, 2023-இல் 13-0 என்று பெரிய கான்ஃபரன்ஸையே வென்ற புளோரிடா ஸ்டேட்டை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் காயம் என்று காரணம் காட்டி வெளியே நிறுத்தினார்களே, அதற்கு என்ன சொல்வார்? பிளேஆஃபை 12 அணிகளாக்கியபின் 2024 சீசனில் போட்டி வரிசையில் எட்டாம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கியது. பழைய நான்கு அணி முறை என்றால் அவர்களும் வீட்டில் உட்கார்ந்து டிவிதான் பார்த்திருப்பார்கள்.