சீனச் சுடுமண் வீரர்களுக்குள் மனித உடல் இல்லை

சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையைக் காக்கும் சுடுமண் வீரர்கள், உயிரோடு களிமண் பூசிச் சுடப்பட்ட மனிதர்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பொய்.

1974-ல் சீனாவின் சியான் நகர் அருகே கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ணில் பட்டவை இவை. பெரும்பாலானவை துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. அதனால் உள்ளே இருப்பதில் மர்மமே இல்லை: கால்கள் கெட்டி மண், உடல் வெறும் கூடு. களிமண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி உடலை எழுப்பியிருக்கிறார்கள். உட்சுவரில் குயவர்களின் விரல் தடம்கூடத் தெரிகிறது. தலையும் கைகளும் தனியே செய்து பொருத்தியவை. சில சிலைகளில் செய்தவர் பெயரே இருக்கிறது. அப்படிப்பட்ட கைத்திறனை இந்த வதந்தி ஒரேயடியாக மறைத்துவிடுகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, நரபலியே கிடையாதா? இருந்தது. ஆன்யாங் என்ற இடத்தில், சின் ஷி ஹுவாங்குக்குப் பல நூற்றாண்டு முன்பு ஆண்ட ஷாங் வம்ச அரசர்களின் கல்லறைகளில் பலியானவர்களின் எலும்புகள் ஏராளம். சின் ஷி ஹுவாங்கின் முன்னோர் ஆண்ட சின் நாடு கி.மு. 384-ல் அந்த வழக்கத்தைத் தடை செய்தது. ஆனாலும் கி.மு. 210-ல் இந்தப் பேரரசர் இறந்தபோது, பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்கள் கொல்லப்பட்டதாகவும், கல்லறையின் ரகசியம் அறிந்த தொழிலாளர்கள் உள்ளேயே வைத்து அடைக்கப்பட்டதாகவும் பண்டைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். ஆனால் சிலைக்குள் ஆளை வைத்ததாக அவரும் சொல்லவில்லை.