சேஃப்டி ஷூ பைக்குக்குப் போதுமா?

"கம்பெனியில் கொடுக்கும் சேஃப்டி ஷூவே பைக்குக்குப் போதும், முனையில் இரும்பு இருக்கிறதே" என்று கடலூர் சிப்காட் பக்கம் பரவும் பேச்சு தவறு.

அந்த இரும்பு, மேலிருந்து விழும் பொருளுக்கானது. 200 ஜூல் ஆற்றலுள்ள அடியைத் தாங்கும். ஆனால் விரல்களுக்கு மட்டும். வண்டி சாயும்போது அடிபடுவது கணுக்கால், பக்கவாட்டில் நசுங்குவது பாதம். தடித்த முனை கியர் லீவருக்கு அடியில் சரியாக நுழையாது. தொங்கும் லேஸ் லீவரில் சிக்கினால் சிக்னலில் காலை ஊன்ற முடியாது, வண்டியோடு சாயவேண்டியதுதான். (அடிபட்டால் இரும்பு மடங்கி விரலை வெட்டிவிடும் என்ற எதிர்க்கதைக்கும் ரொம்பப் பயப்பட வேண்டாம்.)

பைக் பூட்ஸுக்கென்றே இ.என். 13634 என்ற ஐரோப்பியத் தரம் உண்டு. 2017 பதிப்புப்படி லேபிளில் நான்கு எண்கள் இருக்கும்: பூட்ஸின் உயரம், பிறகு உராய்வு, வெட்டு, பக்கவாட்டு அழுத்தம் ஆகியவற்றைத் தாங்கும் திறன். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. 2 தான் மேல். கணுக்கால் கவசம் இதில் கட்டாயமில்லை. ஐ.பி.ஏ. (IPA) என்ற எழுத்துகள் தனியாக இருந்தால்தான் அந்தக் கவசம் சோதிக்கப்பட்டது.

கடையில் அடிப்பாகத்தை அகலவாக்கில் இரு கையாலும் அமுக்குங்கள், மடங்கினால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். மாட்டி இறுக்கியபின் குதிகாலை மறுகாலால் மிதித்து இழுத்தாலும் கழலக்கூடாது. கடற்காற்றில் இரும்பு ஜிப் துருவேறி இறுகும், பிளாஸ்டிக் பல் உள்ளதே நல்லது.