வனாந்தரத்தில் நடந்ததைச் சீஷர்களுக்குச் சொன்னது யார்?

வனாந்தரத்தில் இயேசு பிசாசினால் சோதிக்கப்பட்டதைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்காமல், ஈஸ்டருக்கு முந்தைய எந்த லெந்து காலமும் என் வாழ்வில் கடந்ததில்லை. ஆனாலும் குடும்பத்தைப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு, வேலைக்காக ஓசூரில் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்த இரண்டு ஆண்டுகளில்தான் அந்த வேதபகுதியைக் குறித்து எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வனாந்தரத்தில் ஆண்டவரோடு ஒருவரும் இல்லை. பேதுருவும் யோவானும் அப்போது அவரோடு சேரவே இல்லை. அப்படியிருக்க, கற்கள் அப்பங்களாகும்படி சொல்லும் என்று சோதனைக்காரன் கேட்டதும், தேவாலயத்து உப்பரிகையும், மிகவும் உயர்ந்த மலையும் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் எப்படித் தெரியவந்தன? அவரே பிற்பாடு தம்முடையவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. பாவமில்லாதவர், தனிமையில் தமக்கு நேர்ந்ததை மறைக்கவில்லை. பாவிகளாகிய நாமோ கல்லறைவரை மறைத்துக்கொண்டு போகிறோம்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலை ஏழு மணிக்குத் திரும்பிப் படுத்தால், பதினொன்றரைக்குள் தூக்கம் கலைந்துவிடும். உடல் அசதி தீர்ந்திருக்காது, மீண்டும் தூங்கவும் முடியாது. மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள், மகள் வகுப்பில் இருப்பாள், ஆகவே யாரையும் அழைத்துப் பேச முடியாத நேரம் அது. கீழ்வீட்டிலிருந்து குக்கர் விசில் சத்தமும் தாளிக்கும் வாசனையும் மேலே வரும். எனக்கோ மெஸ்ஸில் போய் நிற்க மனம் வராமல், இரண்டு பன்னும் ஒரு டீயுமாக மதியத்தைக் கழித்துவிட்டு, கைப்பேசியோடு மறுபடியும் பாயில் விழுவேன். அந்தக் கைப்பேசியில் நான் எதைப் பார்த்தேன் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஜெபித்துவிட்டுப் படுத்த நாட்களிலும் பார்த்தேன், பார்த்துவிட்டு அழுத நாட்களும் உண்டு.

இச்சைதான் என் சத்துரு என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது முழு உண்மையல்ல என்பதைக் காட்டியவர், நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி. தனி அறையில் இருக்கும் துறவியை மிகக் கடுமையாகத் தாக்குவது நண்பகல் பிசாசு என்று அவர் எழுதியிருக்கிறார். நம் கணக்கில் காலை பத்து மணி தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிவரை அது அவனைச் சூழ்ந்துகொள்ளும். சூரியன் அசையாமல் நிற்பதுபோலவும், பகலுக்கு 50 மணி நேரம் இருப்பதுபோலவும் அவனுக்குத் தோன்றும். அவன் அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பான், வெளியே வந்து சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்ப்பான். பின்பு, சகோதரரிடத்தில் அன்பு அற்றுப்போயிற்று, உன்னைத் தேற்றுவார் ஒருவருமில்லை என்ற நினைவை அந்தப் பிசாசு அவனுக்குள் போடும். இதைப் படித்தபோது, 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் என் ஓசூர் அறைக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. என்னை முதலில் வீழ்த்தியது அந்த நினைவுதான், இச்சை அதற்குப் பின்னால்தான் வந்தது.

ஆண்டவருக்கு வந்த சோதனையிலும் இதே வரிசையைப் பார்க்கிறேன். யோர்தான் கரையில் 'இவர் என்னுடைய நேசகுமாரன்' என்ற சத்தம் கேட்டு 40 நாட்கள்தான் ஆகியிருந்தன. சோதனைக்காரன் அப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே, 'நீர் தேவனுடைய குமாரனேயானால்' என்று தொடங்கி, பிதா சொன்ன அந்த வார்த்தையின்மேல்தான் கைவைத்தான். தான் நேசிக்கப்படுகிறவன் என்பதை ஒருவன் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு கல்லையும் அப்பம் என்று அவன் தின்னத் துணிவான்.

நம் சபைகளில் தனிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மாலையில் அரமனை உப்பரிகையில் உலாவிய தாவீதையும், வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிய யோசேப்பையும்தான் காட்டுகிறார்கள். இரண்டும் தேவையான பாடங்களே. ஆயினும் எலியாவை அங்கே ஏன் சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவன் தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியாக ஒரு நாள் பிரயாணம் போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டவன். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தூதன் தட்டியெழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவன் தலைமாட்டில் இருந்தன. அவன் தின்று, குடித்து, மறுபடியும் உறங்கினான். நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று அவன் முறையிட்டதற்கு, பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் உண்டு என்ற பதில் அதன் பிறகுதான் வந்தது.

எவாக்ரியுஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கான்ஸ்தாந்திநோப்பிளில் பிறர் மனைவி ஒருத்தியின்மேல் கொண்ட ஆசையிலிருந்து தப்பி எருசலேமுக்கு ஓடிவந்த அவர், அங்கே மருத்துவர்களுக்குப் பிடிபடாத காய்ச்சலில் மாதக்கணக்காகக் கிடந்தார். மெலானியா என்ற துறவிப் பெண், இது சாதாரண நோயல்ல, மனத்தில் இருப்பதைச் சொல் மகனே என்று கேட்க, அவர் எல்லாவற்றையும் சொன்ன பிறகே அவருக்குச் சுகம் உண்டாயிற்று என்று அவருடைய சீடர் பல்லாதியுஸ் எழுதிவைத்திருக்கிறார். பின்னாட்களில் அவர் வாழ்ந்த, எகிப்திய வனாந்தரத்துத் துறவியர் குடியிருப்பான கெல்லியாவின் துறவிகளும் வாரம் முழுவதும் தனித்தனி அறைகளில் இருந்துவிட்டு, சனி ஞாயிறுகளில் ஒன்றுகூடி நற்கருணை பெற்று, ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள். தனிமையையே தவமாக ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அந்தப் பந்தி வேண்டியிருந்தது. நாமோ சாட்சி நேரத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் ஜெயித்ததைச் சொல்கிறோம், இந்த வாரம் தோற்றதைச் சொல்ல நம் ஆலயங்களில் ஓர் இடம் வைக்கவில்லை. 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்று யாக்கோபு எழுதியது நமக்கும்தானே?

நான் சொன்னது ஓசூர் சபையில் இருந்த வயதான ஓர் அண்ணனிடம். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஆலயத்தின் பக்கவாட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லி முடித்தேன். அவர் வசனம் எதுவும் எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "மத்தியானம் எங்கே தம்பி சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். மறுநாள் முதல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என் கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது. மெஸ்ஸுக்குப் போய்விட்டாயா என்று கேட்பார், ஒரு சிறு ஜெபம் செய்வார், வைத்துவிடுவார். அதற்குப் பிறகும் நான் விழுந்த நாட்கள் உண்டு. அப்போது அதையும் அவரிடம் சொன்னேன். மனைவியிடம் சொல்ல இன்னும் நான்கு மாதங்கள் ஆயின. அவள் அழுதாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவளும் எனக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

கெத்செமனேயில் ஆண்டவர் மூன்று பேரை அழைத்துக்கொண்டுபோய், 'என்னோடேகூட விழித்திருங்கள்' என்று கேட்டார். அவர்கள் உறங்கிவிட்டார்கள். உறங்கிவிடுவார்கள் என்று அறிந்திருந்தும் கேட்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் சபைப் பையன் ஒருவன் இப்போது வேறோர் ஊரில் அறை எடுத்துத் தங்கி, இரவு வேலைக்குப் போய்வருகிறான். பன்னிரண்டு மணிக்கு அவனை நான் அழைக்கிறேன். முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.